கேம் ஆற்றங்கரையில் இக்பால்

அல்லாமா இக்பாலைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் அவரைக் கவிஞராகவும் மெய்ப்பொருள் அறிஞராகவும் அரசியல் சிந்தனையாளராகவுமே நம்முன் நிறுத்துகின்றன. கடன்பட்ட கையோடு கடல் கடந்து, குளிர்நாட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கி, ஆசிரியர் வீட்டு வாயிலில் காத்துநின்று, தோழர்களோடு ஆற்றங்கரையில் அமர்ந்து சிரித்த மாணவர் இக்பாலை நாம் அவ்வளவாகக் கண்டதில்லை. 1905 முதல் 1908 வரையிலான மூன்றாண்டுகளை, பெற்ற பட்டங்களின் பெயர்களைச் சொல்லி ஒரே பத்தியில் கடந்துவிடுவது வரலாற்றாசிரியர்களின் வழக்கமாக உள்ளது. நாம் அம்மூன்றாண்டுகளிலேயே சற்றுத் தங்க விரும்புகிறோம். மேனாடு சென்று பயிலும் எண்ணம் நம் மாணவரிடையே பெருகிவரும் காலம் இது. ஆதலின் இத்தங்கல் வீண்போகாது என நம்புகிறோம்.

பஞ்சாபின் சியால்கோட் நகரில் 1877 நவம்பர் 9ஆம் நாள் பிறந்தவர் இக்பால். தந்தை ஷேக் நூர் முஹம்மது தையல் தொழில் செய்து வாழ்ந்தவர். முறையான கல்வி பெறாதவரெனினும் இறைஞானச் சிந்தனையில் தோய்ந்தவர். மௌலவி மீர் ஹசன் என்னும் பேராசான் அரபியும் பாரசீகமும் புகட்டினார். பின்னர் லாகூர் அரசினர் கல்லூரியில் பயின்று 1899இல் மெய்ப்பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்குதான் அவருக்குப் பேராசிரியர் தாமஸ் ஆர்னால்டு கிடைத்தார். இஸ்லாம் உலகெங்கும் பரவிய வரலாற்றை 1896இல் பெருநூலாக எழுதிய அதே ஆர்னால்டுதான். மாணவரின் ஆற்றலை முதற்பார்வையிலேயே அளந்தறிந்த அவர், 1904இல் தாயகம் திரும்பியபோது இக்பால் அடைந்த துயரம் ஒரு பிரிவுக் கவிதையாகவே வெளிப்பட்டது. ஆசிரியரைத் தேடிச் செல்லும் வேட்கை அன்றே முளைவிட்டது எனலாம்.

வேட்கை இருந்தது, பொருள் இல்லை. அண்ணன் அதா முஹம்மது அரசுப் படைத்துறையின் கட்டுமானப் பணியில் இருந்தவர். தம்பியின் மேனாட்டுக் கல்விக்கான செலவைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். அரசினர் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்த இக்பால் ஊதியமில்லா விடுப்பில் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு நிறைந்திருந்தது. 1893இலேயே திருமணம் முடித்து இரு குழந்தைகளுக்குத் தந்தையாகியிருந்தார். துணைவியார் கரீம் பீபி குழந்தைகளுடன் பிறந்தகத்தில் இருந்தார். இம்மூன்றாண்டுகளை அவ்வம்மையார் எங்ஙனம் கழித்தார் என்பதை எழுதியோர் அரியர். ஒருவர் கடல் கடந்து கற்கும்போது அதற்கான விலையைக் கொடுப்போர் அவர் மட்டுமல்லர் என்பதை நம் ஊர்க் குடும்பங்கள் நன்கறியும்.

1905 செப்டம்பர் முதல் நாளில் லாகூரை விட்டு நீங்கிய இக்பால், தில்லியில் இறங்கி நிஜாமுத்தீன் அவ்லியா அடக்கத்தலத்திற்குச் சென்று, பயணியின் வேண்டுதலாக ஒரு கவிதையைப் பாடிவிட்டே பம்பாய்க்கு இரயிலேறினார். கப்பற்பயணத்தை அவரே மடல்களாக எழுதி லாகூர் இதழொன்றுக்கு அனுப்பினார். அவற்றுள் சூயஸ் கால்வாயில் நிகழ்ந்த ஒன்று நம் நெஞ்சைவிட்டு அகலாதது. கப்பல் நின்றதும் சிறு வணிகர்கள் பொருள்களோடு ஏறிவந்தனர். எகிப்திய இளைஞன் ஒருவனிடம் இக்பால் சிகரெட் வாங்கிக்கொண்டே, தாமும் ஒரு முஸ்லிமே என்றார். அவன் நம்பவில்லை. இவர் தலையில் ஆங்கிலத் தொப்பி இருந்ததே காரணம். வாய்ச்சொல் எடுபடாதபோது திருமறை வசனங்கள் சிலவற்றை ஓதிக் காட்டினார். இளைஞன் மகிழ்ந்து கைகளை முத்தமிட்டு ஏனைய வணிகர்களையும் அழைத்துவர, அவர்கள் இவரைச் சூழ்ந்து நின்று வாழ்த்தினர். தொப்பி மாறியவுடன் தம் இனத்தாரே தம்மை அறியாமற்போன அந்நொடியில் இக்பால் சிரித்திருக்கக்கூடும். ஆயினும், நான் யார் எனும் வினாவை வாழ்நாள் முழுதும் பாடிய கவிஞருக்கு அது முன்னதாகவே வந்துசேர்ந்த ஒரு தேர்வு எனவே நாம் கொள்கிறோம்.

மார்செய் துறைமுகத்தில் இறங்கி, பிரான்சைக் கடந்து, செப்டம்பர் இறுதியில் இலண்டன் சேர்ந்தார். நண்பர் ஷேக் அப்துல் காதிர் அங்கே சட்டம் பயின்றுகொண்டிருந்தார். இவர்தாம் 1901இல் லாகூரில் மக்ஸன் இதழைத் தொடங்கி இக்பாலின் கவிதைகளை உலகறியச் செய்தவர். அவரைச் சந்தித்தபின் கேம்பிரிட்ஜ் சென்று, 1905 அக்டோபர் முதல் நாளில் டிரினிடி கல்லூரியில் உயர்நிலை மாணவராகச் சேர்ந்தார். எட்டாம் ஹென்றி மன்னர் 1546இல் நிறுவிய கல்லூரி அது. நியூட்டன் வாழ்ந்த அறைகளும், பெருமுற்றத்தின் நடுவே நீரூற்றும், பின்புறம் புல்வெளியை ஒட்டி அமைதியாக ஓடும் கேம் ஆறும் கொண்டது. நம் கும்பகோணத்து இராமானுஜன் 1914இல் வந்து சேர்ந்ததும் இதே கல்லூரியில்தான். இக்பால் விடைபெற்ற 1907இன் அக்டோபரில் ஜவஹர்லால் என்னும் இளைஞர் அவ்வாயிலினுள் நுழைந்தார். ஒரே வாயிலைச் சில ஆண்டுகளின் இடைவெளியில் கடந்த மூவரும் சென்று சேர்ந்த திசைகள்தாம் எத்துணை வேறுபட்டவை!

இக்பால் தங்கியிருந்தது போர்ச்சுகல் பிளேஸ் எனும் குறுகிய தெருவின் 17ஆம் இலக்க வீடு. வண்டிகள் புகாத கல்பாவிய சந்து அது. அவர் வாழ்ந்ததைக் கூறும் நினைவுப் பலகை அவ்வீட்டுச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. அங்கிருந்து டிரினிடிக்குச் சில நிமிட நடையே. அக்காலக் கேம்பிரிட்ஜில் மாணவர்க்குக் கட்டுப்பாடுகள் பல. இருட்டியபின் மேலங்கி அணியாமல் தெருவில் நடத்தலாகாது. இரவு குறித்த நேரத்திற்குள் இருப்பிடம் திரும்பவேண்டும். மீறுவோரைக் கண்காணிக்கப் பல்கலைக்கழக அலுவலர்கள் தெருக்களில் உலவுவர். ஆண்டு மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பருவமும் ஏறத்தாழ எட்டு வாரமே. எஞ்சிய நாள்கள் மாணவரின் பொறுப்பு. அவ்விடுமுறைகளில்தான் ஒருவன் கற்றவனாவதும் கெட்டவனாவதும் முடிவாகும் என்று சொல்வது மிகையாகாது.

படிப்பில் இக்பால் எடுத்துக்கொண்ட பொருள் பாரசீகத்தின் மெய்ப்பொருட் சிந்தனை வளர்ச்சி. வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே, சூஃபித்துவத்திற்குச் சான்றாகக் காட்டப்பெறும் திருமறை வசனங்கள் யாவை என வினவித் தில்லியிலிருந்த குவாஜா ஹசன் நிஜாமிக்குக் கடிதம் எழுதினார். ஆய்வு மாணவர்கள் இச்செய்தியைக் கருதிப் பார்க்கவேண்டும். உலகின் சிறந்த நூலகங்கள் அருகிலிருந்தும், தாயகத்து அறிஞர் ஒருவரைக் கேட்க அவர் நாணவில்லை. கேம்பிரிட்ஜில் பாரசீகம் கற்பித்த நிக்கல்சன், ஈரானிய இலக்கிய வரலாறெழுதிய பிரௌன் ஆகியோரின் நட்பு அவருக்குக் கிட்டியது. ஜேம்ஸ் வார்டும் அவருக்கு மெய்ப்பொருளியல் ஆசிரியர். எனினும் அவர் உள்ளத்தை மிகவும் உலுக்கியவர் மெக்டாகர்ட்.

மெக்டாகர்ட் விந்தையான மனிதர். இறைவன் உண்டு என்பதை ஏற்காதவர்; ஆனால் ஆன்மா அழியாதது என்பதில் உறுதியுடையவர். டிரினிடியில் அவருடைய அறைக்கு இக்பால் நாள்தோறும் செல்வார். பேச்சு எங்குத் தொடங்கினும் இறைவனில் வந்து முடியும். ஐவேளை தொழும் மரபில் வந்த மாணவரும் இறைமறுப்பாளரான ஆசிரியரும் குளிர்காயும் கணப்பருகே அமர்ந்து இறைவனைப் பற்றியே வாதிட்ட காட்சியை நாம் எண்ணிப் பார்க்கிறோம். வேற்றுக் கருத்துடையோரின் வாயிலை மிதித்தாலே நம்பிக்கை கரைந்துவிடுமென அஞ்சும் பெரியோர் சிலர் நம்மிடையே உளர். இக்பாலின் நம்பிக்கை அவ்வறையில் கரையவில்லை, தீட்டப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து, 1920இல் இக்பாலின் அஸ்ராரே குதி என்னும் பாரசீகக் காவியத்தை நிக்கல்சன் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அதனைப் படித்த மெக்டாகர்ட் ஒரு மடல் வரைந்தார். நாம் கூடிப் பேசிய நாள்களில் எல்லாம் இறைமயம் என்னும் கொள்கையின் பக்கமன்றோ நீர் அதிகம் சாய்ந்திருந்தீர், இப்போது நிலை மாறிவிட்டதே என்று அவர் வினவியிருந்தார். மாணவரின் மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தவர் அவ்விறைமறுப்பாளரே.

படிப்பு ஒருபுறமிருக்க, சட்டக் கல்விக்காக 1905 நவம்பரில் இலண்டன் லிங்கன்ஸ் இன்னிலும் இக்பால் பதிவு செய்துகொண்டார். அங்கு ஒரு வேடிக்கையான விதி. தேர்வெழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அவ்வில்லத்துப் பொது விருந்தில் அமர்ந்து உண்டாகவேண்டும். உண்ணாதவன் வழக்கறிஞன் ஆகமுடியாது! இதற்காகவும் நண்பர்களுக்காகவும் அவர் அடிக்கடி இரயிலேறி இலண்டன் சென்று வந்தார்.

இனி, அவருடைய உலாக்களைப் பற்றி. இதற்கு நமக்குக் கிடைத்துள்ள பெருஞ்சான்று அதியா ஃபைஜி எனும் பெண்மணி எழுதிவைத்த நாட்குறிப்பு. அது 1947இல் நூலாயிற்று. அதியா பம்பாயின் புகழ்மிக்க முஸ்லிம் குடும்பமொன்றைச் சேர்ந்தவர்; ஆசிரியப் பயிற்சிக்காக 1906இல் இலண்டன் வந்தவர். அக்காலத்தில் ஒரு முஸ்லிம் பெண் தனித்துக் கடல் கடந்து கற்க வந்தது எத்துணைத் துணிவு என்பதை நம் மாணவியர் உணர்தல் வேண்டும். இலண்டனில் இந்திய மாணவர்க்குத் தாய்போல் விளங்கிய பெக் அம்மையார், அலிகர் கல்லூரி முதல்வராயிருந்த தியோடர் பெக்கின் உடன்பிறந்தவர். அவர் இல்லத்தில் 1907 ஏப்ரல் முதல் நாளில் இக்பாலும் அதியாவும் முதன்முறையாகச் சந்தித்தனர். பேச்சு ஹாஃபிஸின் பாடல்களைப் பற்றியதாயிற்று. அப்போதைய இக்பால் நகைச்சுவை மிக்கவர். எதிரிலிருப்போரைக் குத்திப் பேசவும் தயங்காதவர் என்று அதியா ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்துள்ளார். பெரியோரின் இளமையை இப்படி உள்ளது உள்ளவாறு எழுதிவைப்போர் நம்மிடையே இலரே என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

ஏப்ரல் 22ஆம் நாள் இக்பால், அப்துல் காதிர், அதியா மூவரும் இலண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு இரயிலில் சென்றனர். வழியெல்லாம் இலக்கியப் பேச்சு. நண்பகலில் சையது அலி பில்கிராமியின் இல்லத்தை அடைந்தனர். ஹைதராபாத்தில் பெரும்பணி ஆற்றிய அவ்வறிஞர் அப்போது கேம்பிரிட்ஜில் மராத்தி மொழி விரிவுரையாளர். ஒரு முஸ்லிம் அறிஞர் ஆங்கில நாட்டில் மராத்தி கற்பித்தார் என்பதே வியப்பன்றோ! அவரும் துணைவியாரும் தம் வீட்டை மாணவர்க்குத் திறந்தே வைத்திருந்தனர். தாய்நாட்டு உணவும் தாய்மொழிப் பேச்சும் கிடைத்த அவ்வீடு மாணவர்க்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்குமென்பதை, அயலூர் விடுதியில் ஒரு பெருநாளைக் கழித்தோர் சொல்லாமலே அறிவர்.

ஜூன் முதல் நாளன்று நடந்த சிற்றுலா எல்லாவற்றினும் சிறந்தது. ஆர்னால்டின் அழைப்பில் அறிஞர்களும் மாணவர்களும் ஆற்றங்கரை மரநிழலில் கூடினர். இங்கிலாந்தில் ஜூன் மாதம் பகல் நீண்டு, புல் பசுமையோடிக் கிடக்கும் பருவம். உண்டு களித்திருந்த வேளையில் ஆர்னால்டு வாழ்வும் சாவும் எனும் பொருளைப் பேச்சில் இட்டார். ஆளுக்கொரு கருத்துரைக்கப் பேச்சு சிக்கலாயிற்று. இக்பால் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆர்னால்டு அவர்பக்கம் திரும்பி அவர் கருத்தைக் கேட்டார். வாழ்வு சாவின் தொடக்கம், சாவு வாழ்வின் தொடக்கம் என்னும் பொருள்பட இக்பால் சுருக்கமாக விடைகூற, விவாதம் அத்துடன் முடிந்தது. உணவுக் கூடையைத் திறக்கும் இடத்தில் இத்தகைய பேச்சா எனச் சிலர் வியக்கலாம். ஆனால் வகுப்பறையில் ஆசிரியர் பேச மாணவர் கேட்பர். புல்தரையில் ஆசிரியர் கேட்க மாணவர் பேசுவர். இக்பாலை ஆர்னால்டு வளர்த்த முறையில் இதற்கும் பங்குண்டு என்பது நம் கருத்து.

இதே மாதத்தில் கேம்பிரிட்ஜ் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. லாகூரில் முதுகலை பெற்றவருக்கு இளங்கலையா என்னும் ஐயம் எழும். அந்நாளில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் என ஒன்றில்லை. முதல் உலகப் போருக்குப் பின்னரே அது தொடங்கப்பட்டது. ஆய்வேடு அளித்தோர்க்கும் இளங்கலையே வழங்கப்பட்டது. இராமானுஜன் 1916இல் பெற்றதும் அத்தகையதே. ஆதலால் முனைவர் பட்டத்திற்காக இக்பால் ஜெர்மனியை நாடவேண்டியதாயிற்று.

1907 கோடையில் ஹைடல்பர்க் சென்று ஜெர்மன் மொழி கற்றார். அங்கு அவருக்கு மொழி கற்பித்தோர் இளம்பெண்கள். அவர்களுள் எம்மா வேகநாஸ்ட் குறிக்கத்தக்கவர். ஆகஸ்டில் அங்குச் சென்ற அதியா கண்ட இக்பால் இலண்டனில் கண்டவர் அல்லர். குத்தல் பேச்சு மறைந்து பணிவு வந்திருந்தது. தவறான விடை சொல்லித் திருத்தப்படும்போது பள்ளிச் சிறுவனைப்போல் நகம் கடித்தாராம். நெக்கர் ஆற்றில் படகோட்டம், மலைப்பாதைகளில் நடை, கூடிப் பாடுதல் என ஆசிரியரும் மாணவரும் பகல் முழுதும் சேர்ந்தே கழித்தனர். அவ்வாற்றின் மாலை அமைதியைப் பற்றி இக்பால் எழுதிய சிறு கவிதை அவருடைய உருதுக் கவிதைகளுள் மிக மென்மையான ஒன்று. அவ்வாற்றங்கரைச் சாலையின் ஒரு பகுதி பின்னாளில் இக்பால் கரை எனப் பெயரிடப்பெற்றது. எம்மாவுக்கு அவர் தாயகம் திரும்பிய பின்னும் மடல்கள் எழுதினார். அவற்றைக் கொண்டு கதை புனைவோர் உளர். நாம் அப்பக்கம் செல்லவில்லை. 1907 நவம்பர் 4ஆம் நாள் மியூனிக் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. ஆய்வேடு 1908இல் இலண்டனில் அச்சேறியது. அதனை ஆர்னால்டுக்கே படைத்திருந்தார்.

இவ்வளவு வெற்றிகளுக்கிடையே நாம் ஏறத்தாழ இழந்துவிட இருந்த ஒன்றை இங்குச் சொல்லியாகவேண்டும். இங்கிலாந்தில் இருந்தபோது இக்பால் கவிதை எழுதுவதையே கைவிட முடிவு செய்தார். பாட்டில் கழியும் பொழுதைப் பயனுள்ள வேறு பணியில் செலவிடலாமே என்பது அவர் எண்ணம். மேனாட்டின் தொழிலூக்கமும் ஓயாத உழைப்பும் அவரை அப்படி எண்ணச் செய்தன போலும். அப்துல் காதிர் மன்றாடினார். அவர் பாட்டில் சமுதாயத்தின் நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்றார். இக்பால் இணங்கவில்லை. இறுதியில் ஆர்னால்டின் தீர்ப்புக்கு விடுவதென இருவரும் உடன்பட்டனர். அப்துல் காதிர் சொன்னதே சரி என்றும், கவிதைக்குச் செலவிடும் பொழுது அவருக்கும் நாட்டுக்கும் பயன்தருவதே என்றும் ஆர்னால்டு தீர்ப்பளித்தார். ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் வேறுவிதமாகத் தலையசைத்திருந்தால் ஷிக்வாவும் ஜாவீத் நாமாவும் நமக்கில்லை. இதனை 1924இல் வெளிவந்த பாங்கே தரா தொகுப்பின் முன்னுரையில் அப்துல் காதிர் எழுதியுள்ளார். அதே முன்னுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. நண்பர் வீட்டு விருந்தொன்றில் பாரசீகத்திலும் பாடுவீரா என ஒருவர் வினவ, ஒன்றிரண்டு அடிகளுக்குமேல் முயன்றதில்லை என இக்பால் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வீடு திரும்பிய இரவே படுக்கையில் கிடந்தவாறு இரு பாரசீகக் கஜல்களை இயற்றி, மறுநாட் காலையில் நண்பருக்குப் பாடிக் காட்டினார். அவர் காவியங்கள் பல பாரசீகத்தில் அமைந்தமைக்கு ஒரு விருந்து வினாவும் காரணமாயிற்று.

அம்மூன்றாண்டுகளில் எழுதியவை சிலவே. ஆயினும் 1907 மார்ச் எனத் தலைப்பிட்ட கஜலில் மேனாட்டு நாகரிகம் தன் வாளாலேயே தன்னை மாய்த்துக்கொள்ளும் என எச்சரித்தார். ஏழாண்டுகளில் உலகப் போர் மூண்டது. 1904இல் இந்தியாவின் புகழ்பாடிய கவிஞர், இனத்தாலும் நிலத்தாலும் மக்களைப் பிரிக்கும் ஐரோப்பிய நாட்டுவெறியை நேரில் கண்டு அதனின்று விலகியதும் இக்காலத்தேதான். இலண்டனில் இஸ்லாம் குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆர்னால்டுக்குப் பதிலாகச் சில மாதங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அரபி கற்பித்தார். 1908 ஜூலை முதல் நாளில் பாரிஸ்டர் ஆனார். அம்மாத இறுதியில் லாகூரில் இருந்தார். திரும்பும் வழியில் கப்பலிலிருந்து சிசிலித் தீவைக் கண்டு, அங்கு மறைந்துபோன அரபு நாகரிகத்தை எண்ணிக் கண்ணீர்க் கவிதை யாத்தார்.

நம் மண்ணுக்கும் இக்கல்விக்கும் ஒரு தொடர்புண்டு. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் அழைப்பை ஏற்று 1929 ஜனவரியில் இக்பால் சென்னை வந்தார். வள்ளல் ஜமால் முஹம்மது அதற்குப் பொருளுதவி செய்தார். இஸ்லாமியச் சிந்தனையைப் புதிதாகக் கட்டமைப்பது பற்றி அவர் ஆங்கிலத்தில் ஆற்றிய அச்சொற்பொழிவுகளில், கேம்பிரிட்ஜ் அறையில் தொடங்கிய வாதங்கள் முழுவளர்ச்சி பெற்றிருந்தன. மெக்டாகர்ட்டின் பெயரும் அவற்றில் வருகிறது.

1931இல் வட்டமேசை மாநாட்டிற்கு இலண்டன் சென்றபோது, நவம்பரில் இக்பால் மீண்டும் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்குப் பயின்ற நம் நாட்டு மாணவர்கள் வரவேற்பளித்தனர்; இறைமறுப்பிலும் பொருள்முதல் வாதத்திலும் விழுந்துவிடாதீர் என அவர்களிடம் கேட்டுக்கொண்டார். பில்கிராமி 1911இலும், மெக்டாகர்ட்டும் வார்டும் 1925இலும், பிரௌன் 1926இலும் மறைந்திருந்தனர். ஆர்னால்டு முந்தைய ஆண்டு ஜூனில்தான் இறந்திருந்தார். மறு ஆண்டு மெக்டாகர்ட்டின் மெய்ப்பொருளியல் பற்றி இக்பால் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் டிரினிடியின் அந்த அறையையும், இறைவனைப் பற்றிய அந்த நாள்தோறுமான பேச்சையும் மறவாமல் குறித்திருக்கிறார்.